பள்ளத்தில் சந்தனம்

லேப் அட்டெண்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளே, குடுவை கழுவுவது எப்படி, சிலிண்டர் மாற்றுவது எப்படி என்றெல்லாம் நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். ஒரு தப்பைச் செய்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தபின் அடுத்த நிமிஷம் என்ன செய்வது என்பதுதான் இந்த வேலையில் கஷ்டமான பாடம். அந்தப் பாடத்தில் நான் இரண்டரை மாதம் ஃபெயில், கடைசி நாள் காலையில் பாஸ்.

ஃபெயில் ஆவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் காலேஜுக்குப் போனபோது நான் மன்னார்புரத்தில் பஞ்சர் கடை போட்டேன். பிறகு நானும் காலேஜுக்குப் போனேன், பெருக்குவதற்கு.

என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு ஆணி. ஸ்ரீரங்கத்துப் புரொபசர் ஒருவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். நெற்றியில் திருமண், கையில் ஹெல்மெட், முகத்தில் அவசரம். நான் டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தில் ஒட்டுப் போட்டுவிட்டு, உடனே மாட்டாமல் டயருக்குள் கையை விட்டு ஒரு சுற்றுத் தடவினேன். எதற்கு என்று கேட்டார். ஆணி இன்னும் டயரிலேயே இருந்தால் மறுபடி குத்தும், டியூபைத் திட்டிப் பிரயோஜனமில்லை என்றேன். தடவிய விரலில் ரத்தத்தோடு ஆணியும் வந்தது. அவர் என் விரலையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க லேப்லேயும் டியூப் வேலைதான். வர்றயா?"

நானும் ஏதோ பெரிய லாரி டியூபாக இருக்கும் என்று நம்பிப் போனேன். அங்கே என்னிடம் காட்டியது கட்டைவிரல் அளவு பாட்டில். உள்ளே அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஏதோ கலங்கலாக இருந்தது. இதில்தான் டியூப் இருக்கிறது என்றார்கள். மண்ணிலேயே அப்படி ஒரு ஜாதி உண்டாம். ஹாலோய்சைட் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத மண் தகடு, பாய் சுருட்டின மாதிரி தானாகவே சுருண்டு குழாயாகி இருக்குமாம். தலைமுடியின் குறுக்கே அடுக்கினால் ஆயிரம் குழாய் அடுக்கலாமாம். பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு குழாயும் இல்லை. என்னைக் கேலி செய்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். மறுநாள் அந்தக் கலங்கல் தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றி, பாட்டிலைப் பளபளவென்று கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, சார் வந்ததும் பெருமையாகச் சொன்னேன்.

அது நாலு மாத வேலை. வேறு யாராக இருந்தாலும் என்னை அந்தச் சிங்க்கிலேயே ஊற்றியிருப்பார்கள். சார் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"கழுவினதை வந்து சொன்னயே, அதுவரைக்கும் பெருமாள் புண்ணியம். சொல்லாம இருந்திருந்தா, காலிப் பாட்டில்ல குழாயைத் தேடிண்டு ஒரு மாசம் போயிருக்கும். எதைத் தொட்டாலும் சொல்லிடு. அவ்வளவுதான் உன் வேலை."

இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் உண்டா? பத்து வருஷத்துக்கு மேல் ஒழுங்காகச் செய்தேன். பிறகு ஒரு ஆயுத பூஜை வந்தது.

அதற்கு முன்னால் மெஹரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஹருன்னிஸா. பாலக்கரைப் பெண். ஆராய்ச்சி மாணவி. அப்பா பெரிய கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருந்தார். விலைக்கு வந்த பழைய அண்டாவைத் தட்டிப் பார்த்தே அதன் கனத்தைச் சொல்லிவிடுவாராம். மகளும் அதே வேலையைத்தான் செய்தாள், அண்டாவுக்குப் பதில் குழாய். ஒரே ஒரு குழாயை எடுத்து, அது எவ்வளவு வளையும், எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்று அளப்பதுதான் அவள் ஆராய்ச்சி. இந்தக் குழாயைப் பிளாஸ்டிக்கில் கலந்தால் பிளாஸ்டிக் உறுதியாகும், உள்ளே மருந்தை அடைத்து அனுப்பலாம் என்றெல்லாம் சொல்வாள். அதற்கெல்லாம் முதலில் குழாயின் பலம் தெரிய வேண்டும்.

அளப்பது எப்படி என்றால், விரல் நகம் அளவு சிலிக்கான் சில்லு ஒன்று இருக்கும். அதன் மேல் வயலில் பாத்தி பிடித்த மாதிரி வரிசையாகப் பள்ளங்கள். எல்லாம் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள். கலங்கல் தண்ணீரில் ஒரு சொட்டை அதன் மேல் விட்டுக் காயவைத்தால், எங்கோ ஒரு குழாய் ஒரு பள்ளத்தின் இரண்டு கரையையும் தொட்டபடி பாலம் மாதிரி விழுந்திருக்கும். மெஷினில் ஒரு ஊசி. அந்த ஊசியால் தடவித் தடவித்தான் பார்க்கவே முடியும். பாலத்தைக் கண்டுபிடித்து, அதே ஊசியால் நட்டநடுவில் மெல்ல அழுத்துவாள். குழாய் எவ்வளவு தாழ்கிறதோ, அதை வைத்துப் பலத்தைக் கணக்குப் போடுவாள். யாராவது தும்மினால் படம் ஆடிவிடும். அதனால் மெஷின் ஓடும்போது கதவுக்கு வெளியே காவல் இருப்பது என் வேலை. என்னைப் போன்ற வாயாடிக்கு வாயை மூடும் வேலை. ஆண்டவனுக்கும் நகைச்சுவை உண்டு.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் லேப்பைத் துடைத்து, மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். மெஹர் பொரியில் கடலை அதிகமாகப் போட்டுத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். பஞ்சர் கடையில் நான் பம்புக்கும் வைப்பேன், ஸ்பேனருக்கும் வைப்பேன், ஒட்டுப் பசை டப்பாவையும் விடமாட்டேன். ஒன்றுக்கு வைத்து ஒன்றை விட்டால் விடுபட்டது வருத்தப்படும் என்பது என் கொள்கை. அந்தக் கொள்கைப்படி மெஷினுக்கு வைத்தேன், கம்ப்யூட்டருக்கு வைத்தேன், கடைசியில் சில்லு வைத்திருந்த குட்டி டப்பாவுக்கும் வைத்தேன். டப்பா மூடி சரியாக மூடியிருக்கவில்லை. கட்டைவிரலை அழுத்தினதும் மூடி சாய்ந்து, தண்ணியாகக் கரைத்த சந்தனம் அப்படியே உள்ளே இறங்கியது. ஐந்து சில்லும் மஞ்சள் குளித்தன.

யாருமில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் அலசி, புதுக் கைக்குட்டையால் துடைத்தேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. முன்னைவிடச் சுத்தமாகவே இருந்தது. இதைப் போய்ச் சாரிடம் சொல்வானேன் என்று தோன்றியது. பூஜை நேரத்தில் அவரை ஏன் சங்கடப்படுத்த வேண்டும், அவருக்கு ரத்தக் கொதிப்பு வேறு. எவ்வளவு அக்கறை பாருங்கள் எனக்கு.

பூஜை முடிந்து மெஹர் அளக்கத் தொடங்கினாள். இரண்டு வாரத்தில் லேப்பே அமர்க்களப்பட்டது. அதுவரைக்கும் யாரும் பார்க்காத அளவுக்கு அவள் குழாய்கள் விறைப்பாக இருந்தன. எதிர்பார்த்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல். சாருக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு சில்லில் செய்யச் சொன்னார். அதே டப்பாவிலிருந்து வேறு சில்லு எடுத்துச் செய்தாள். அதுவும் விறைப்பு. மெஹர் வீட்டிலிருந்து ரவையில் செய்த தம்ரூட் இனிப்பு வந்தது. நான் நாலு துண்டு சாப்பிட்டேன்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு அவள் துறையில் எல்லார் முன்னாலும் பேச வேண்டும். வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்து கேட்பார். அவர் சரி என்றால் ஆய்வேட்டை எழுத ஆரம்பிக்கலாம். ஜப்பானில் அவளுக்கு ஒரு ஆராய்ச்சி இடம் காத்திருந்தது. ஆய்வேடு தள்ளிப்போனால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

காலை பத்தரைக்கு என்னை முன்னால் உட்கார வைத்துப் பேசிப் பார்த்தாள். எப்போதும் அப்படித்தான். உங்களுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்ணே என்பாள். அது பாராட்டா இல்லையா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. இரண்டு புத்தகத்தைத் தள்ளித் தள்ளி வைத்து, நடுவில் ஸ்கேலைப் பாலமாகப் போட்டு, விரலால் அழுத்திக் காட்டினாள். ஸ்கேல் வளைந்தது.

"சாதாரணக் குழாய் இப்படி வளையும். நம்ம குழாய் அசையவே மாட்டேங்குது பாருங்க. அதுதான்ணே விசேஷம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"எங்க ஜீயபுரத்துல வாழைத் தோப்புக்குப் போற வாய்க்கால் மேல ஒரு தென்னை மரத்தைப் போட்டிருக்கோம் பாப்பா. நடந்தா ஊஞ்சல் மாதிரி ஆடும். ஒரு வருஷம் தூர் வாராம விட்டுட்டாங்க. வாய்க்கால் மேடு தட்டி அடியில மண்ணு முட்டுக் குடுத்துருச்சு. யானை நடந்தாலும் ஆடாது. எங்க பஞ்சாயத்துத் தலைவர் வந்து பார்த்துட்டு, நான் போட்ட பாலம் எவ்வளவு ஸ்ட்ராங்குன்னு பாத்தியான்னு கேட்டாரு."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் எனக்கு வாய் அப்படியே நின்றுவிட்டது.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன். குடிக்கவில்லை. வராந்தாவில் நின்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். எட்டாவது ஃபெயில் ஆனவனுக்குத் தோன்றியது டாக்டர்களுக்குத் தோன்றாமல் இருக்குமா? துடைத்துவிட்டோமே, பிறகென்ன? இன்றைக்கு ஒரு நாள் பேசட்டும், நாளைக்குச் சொன்னால் ஆகாதா? வக்கீல் நன்றாகத்தான் பேசினார். ஆனால் எனக்குப் பஞ்சர் கடை ஞாபகம் வந்தது. கடை போட்ட புதிதில் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்காரர் ஒருவர் ஒரே நாளில் மூன்று தடவை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்று தடவையும் ஒட்டுப் போட்டேன். மூன்றாவது தடவை அவரே டயருக்குள் கையை விட்டு முள்ளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் ஷிஃப்ட் போயிருந்தது. அன்றையிலிருந்துதான் நான் டயரைத் தடவ ஆரம்பித்தேன். இந்தப் பெண் ஷிஃப்டை விட்டுவிட்டு நிற்பதை நான் பார்க்க முடியாது.

உள்ளே போனேன்.

"பாப்பா, குழாய் மேல தப்பில்லை. அடியில நான் முட்டுக் குடுத்துட்டேன்னு நினைக்கிறேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், டப்பா, கைக்குட்டை. தம்ரூட்டையும் சேர்த்துச் சொன்னேன். அவள் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, தன் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். திட்டினால் தேவலை போல இருந்தது.

"பூஜைக்கு முன்னாடி ஒரு சில்லுல பள்ளத்தோட ஆழத்தைப் பார்த்தேன்ணே," என்றாள் கடைசியில். "சரியா இருந்துச்சு. அப்புறம் நான் பார்க்கவே இல்லை. குழாயை மட்டும்தான் பார்த்துட்டு இருந்தேன்."

பழியில் பாதியை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டது எனக்கு இன்னும் சங்கடமாகப் போயிற்று. சாருக்குப் போன் போட்டோம். ஸ்ரீரங்கம் கோயிலில் பகல் பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்தது. அவர் பெருமாளைச் சேவித்துவிட்டுக் கூட்டத்தில் வெளியே வந்துகொண்டிருந்தார். போனைக் காதில் வைத்து நானே சொன்னேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.  ரத்தக் கொதிப்பு ஞாபகம் வந்து எனக்கு வியர்த்தது.

"இப்போ மணி என்ன?" என்று கேட்டார்.

"பத்தேமுக்கால் சார்."

"ரெண்டு மணிக்குத்தானே கூட்டம்? என் பீரோவில பிரிக்காத பாக்கெட் ஒண்ணு இருக்கு. பழசுல பள்ளத்தைப் பார்க்கச் சொல்லு. மூடியிருந்தா புதுசை எடுங்கோ. திட்டறதையெல்லாம் சாயங்காலம் வச்சுக்கலாம்."

பழைய சில்லை மெஷினில் வைத்தாள். ஊசி தடவத் தடவத் திரையில் படம் வந்தது. பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் மேடு. அதுவும் குழாய்க்கு அடியில் மெத்தை போட்டதுபோலச் சரியாக நிரம்பியிருந்தது. இரண்டரை மாதமாக அவள் குழாயைத் தள்ளவில்லை, என் சந்தனத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

புதுப் பாக்கெட்டைப் பிரித்தோம். இந்தத் தடவை முதலில் பள்ளம், பிறகுதான் சொட்டு. ஆழம் சரியாக இருந்தது. சொட்டு காயும் வரை அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் வாழ்நாளில் அது ஒரு சாதனை. பிறகு பாலம் தேடும் வேட்டை. குழாய்கள் எல்லாம் ஒரே கரையில் படுத்துத் தூங்கின. ஒன்று பள்ளத்துக்குள்ளேயே விழுந்து கிடந்தது. பன்னிரண்டரைக்குக் குறுக்கே விழுந்த ஒன்று கிடைத்தது. அழுத்தப் போகும்போது வராந்தாவில் திமுதிமுவென்று சத்தம். பக்கத்து வகுப்பு விட்டுவிட்டார்கள். அறுபது பேர் சாப்பாட்டுக்கு ஓடி வருகிறார்கள். திரையில் கோடு நடுங்கியது.

நான் வெளியே பாய்ந்து கையை விரித்தேன். கத்தவும் முடியாது. கிசுகிசுப்பாக, எல்லாரும் அப்படியே தரையில் உட்காருங்க, ஒரு கதை சொல்றேன் என்றேன். என்னை அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். பஞ்சர் அண்ணன் கதை என்றால் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரே நிபந்தனை, யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் உள்ளே ஒரு மண்குழாய் உடையும் என்றேன். நான் லாரி டியூபை நம்பி வேலைக்கு வந்த கதையைக் காதும் காதும் வைத்த மாதிரி சொன்னேன். ஒருத்தன் பக்கத்துப் பெண்ணின் துப்பட்டாவை வாங்கி வாயில் திணித்துக்கொண்டான். ஒரு பெண் கண்ணில் தண்ணீர் வரச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அறுபது பேர் தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் ஆயுளிலேயே நல்ல கூட்டம் அதுதான். கைதட்டக்கூட விடவில்லை நான்.

கதவு திறந்தது. மெஹர் தலையை நீட்டி இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு குழாய். இரண்டும் வளைந்தன. நியாயமாக, அடக்கமாக, ஒரு மண்குழாய் வளைய வேண்டிய அளவுக்கு வளைந்தன. அவள் விசேஷம் போய்விட்டது. ஆனால் அவள் முகம் காலையில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது.

இரண்டு மணிக்குக் கூட்டம். நிபுணர் பெரிய மனிதர், முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் சார். நான் டீத் தட்டோடு கடைசியில் நின்றேன். மெஹர் தன் விறைப்புக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே திரையில் போட்டு, இவை அத்தனையும் தப்பு, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். ஹாலில் ஒரு முணுமுணுப்பு. அடுத்த திரையில் இரண்டே இரண்டு புள்ளி.

நிபுணர் முன்னால் சாய்ந்தார். ரெண்டு குழாய் மட்டும்தானா என்று கேட்டார். ரெண்டுதான் சார், ஆனா ரெண்டையும் நம்பலாம் என்றாள்.

"பள்ளம் காலியா இருக்குன்னு எப்படி நம்பறீங்க?"

 மெஹர் பள்ளத்தின் படத்தைப் போட்டாள். பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அடியில், எல்லா ஆழமும் இருந்தது.

"டயருக்குள்ள கையை விட்டுப் பார்த்துட்டோம் சார்," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. சார் எழுந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடைசியில் நின்ற என்னைக் காட்டினார். தட்டை வைத்துவிட்டு வந்து நீயே சொல்லு என்றார். அத்தனை டாக்டர்கள் முன்னால் எட்டாவது ஃபெயில் போய் நின்று, ஆணியிலிருந்து ஆரம்பித்துச் சந்தனம் வரைக்கும் சொன்னேன். இந்தத் தடவை சிரிக்கலாம் என்று அனுமதி கொடுத்தேன். ஹால் அதிர்ந்தது. நல்லவேளை, மெஷினை நிறுத்திவிட்டிருந்தோம்.

நிபுணர் மெஹரிடம், இப்படியே இன்னும் இருபது குழாயை அளந்து சேர்த்துக்கொள்ளுங்கள், இன்றைக்கே எழுத ஆரம்பியுங்கள் என்றார். சந்தனத்தையும் ஆய்வேட்டில் எழுதச் சொன்னார், படிக்கிறவர்களுக்குப் பிரயோஜனப்படும் என்று. அவள் என்னைப் பார்த்தாள். நான் டீ கொடுக்கப் போய்விட்டேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது, சந்தனமாக இருக்கலாம். அந்தப் பெண் இப்போது ஜப்பானில் இருக்கிறாள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் தவறாமல் போன் செய்து, டப்பாவை மூடியாச்சா என்று கேட்கிறாள். நான் ரிட்டயர் ஆன பிறகும் கேட்கிறாள்.

இன்னும் ஒன்று பாக்கி. டீ குடித்து முடித்ததும் நிபுணர் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, ஏதோ யோசனையாக வராந்தாவுக்குப் போனார். போனை எடுத்துத் தன் லேப்புக்குப் போட்டார். நான் டம்ளர் பொறுக்குகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன்.

"ஏப்பா, ஆயுத பூஜைக்கு நம்ம சில்லு டப்பாவுக்கு யாராவது சந்தனம் கிந்தனம் வச்சீங்களா?"

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை.

போனின் அந்த முனையில் மூச்சு விடாமல் நின்றது யார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய நெஞ்சு அடித்துக்கொண்ட விதம் மட்டும் நன்றாகத் தெரியும். தம்பி, தங்கைகளே, அது உங்களில் ஒருவராகவும் இருக்கலாம். இருந்தால், சாப்பாட்டு நேரத்துக்குள் போய்ச் சொல்லிவிடுங்கள். ரெண்டு மணிக்கு இன்னும் நேரமிருக்கிறது.